எல்லை தாண்டினால் எல்லாமே முதல் குற்றம்

குடித்துவிட்டு மீண்டும் மீண்டும் வண்டி ஓட்டுபவர்களுக்கு என்ன தண்டனை கொடுப்பது? சட்டப் புத்தகத்தில் பதில் இருக்கிறது. பாலக்காடு, இடுக்கி எல்லைச் சாலைகளில்தான் அதைத் தேட வேண்டியிருக்கிறது.

2024 நவம்பர் 26. விடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. கேரளத்தின் திருச்சூர் மாவட்டம் நாட்டிகாவில், விரிவாக்கப் பணிக்காக அடைக்கப்பட்டிருந்த தேசிய நெடுஞ்சாலை 66இன் ஓரத்தில் சில நாடோடிக் குடும்பங்கள் உறங்கிக்கொண்டிருந்தன. கண்ணூர் பக்கமிருந்து மரம் ஏற்றி வந்த லாரி ஒன்று தடுப்புகளைத் தாண்டி உள்ளே புகுந்தது. ஐந்து பேர் நசுங்கி இறந்தார்கள். அவர்களில் இருவர் குழந்தைகள். லாரியை ஓட்டியவர் டிரைவர் அல்ல, கிளீனர். அவரிடம் லைசென்ஸ் கிடையாது. டிரைவர் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். இருவருமே போதையில் இருந்தார்கள் என்றது போலீஸ். மது வழியில் மாஹேயில் வாங்கப்பட்டது என்றும் சொன்னது.

இறந்தவர்களின் ஊர் நாட்டிகா அல்ல. பாலக்காடு மாவட்டத்தின் தமிழக எல்லையில் உள்ள கோவிந்தாபுரம் பகுதியைச் சேர்ந்தவர்கள் அவர்கள். பிழைப்புக்காகச் சாலையோரம் தங்கியவர்கள்.

அரசு உடனே அசைந்தது. கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்தின் கீழ் வழக்கு. டிரைவரின் லைசென்ஸ் முடக்கம். லாரியின் பதிவும் முடக்கம். மாநிலமே கொதித்தது, இன்னும் கடுமையான தண்டனை வேண்டும் என்ற குரல் எழுந்தது. யாரும் அதிகம் கேட்காத கேள்வி ஒன்றும் இருந்தது. மாஹேயிலிருந்து நாட்டிகா வரை கோழிக்கோடு, மலப்புரம் மாவட்டங்களை முழுதாகக் கடந்து வந்த அந்த லாரியை, அன்றிரவு யாராவது ஓரிடத்தில் நிறுத்தி ஊதச் சொல்லியிருந்தால்?

குடிகார ஓட்டுநர்களுக்கான தண்டனை பற்றிய விவாதம் முழுவதும் இந்த இடத்தில்தான் சிக்கிக்கொண்டு நிற்கிறது. அந்தச் சிக்கல் பளிச்சென்று தெரியும் இடம், தமிழகமும் கேரளமும் உரசிக்கொள்ளும் எல்லை.

இரண்டு அரசுகள், ஒரே தாகம்

வாளையார், வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று பாலக்காட்டுக்குள் நுழையப் பல வாசல்கள். இடுக்கிக்குக் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு, சின்னார். பாலக்காட்டு எல்லை பெரும்பாலும் சமவெளி: தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஓடும் நேர்சாலைகள், நான்கு வழி நெடுஞ்சாலை, வேகம். இடுக்கி எல்லை மலை: போடியிலிருந்து போடிமெட்டு ஏறுவதற்குள் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம்.

இந்த வாசல்களில் காய்கறியும் கறிக்கோழியும் மட்டும் கடப்பதில்லை. தாகமும் கடக்கிறது. தமிழகத்தில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. கேரளத்தில் கள்ளுக்கடை சட்டப்படி நடக்கிறது. மாநிலத்தின் கள் உற்பத்தியில் பெரும்பங்கு பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டாரத்துக்கு உண்டு. ஆகவே டி.என். 41 எண்ணுள்ள பொள்ளாச்சி வண்டிகள் கே.எல். 70 எண்ணுள்ள சித்தூர் வண்டிகளுக்குப் பக்கத்தில் நிற்பது எல்லையோரக் கள்ளுக்கடைகளில் அதிசயமில்லை. 'கள்தானே' என்பது அங்கே நின்று திரும்புபவர்களின் சமாதானம். தென்னங்கள்ளில் கேரள அரசு 8.1 சதவீதம் வரை ஆல்கஹாலை அனுமதித்திருந்தது. வழக்கமான பீரைவிட இது அதிகம். ஊதும் கருவிக்குக் கள் என்றும் பிராந்தி என்றும் பேதம் தெரியாது.

எதிர்த்திசையிலும் போக்குவரத்து உண்டு. கேரளத்தில் மாதத்தின் முதல் தேதி மது இல்லா நாள்; அரசின் மதுக் கடைகள் மூடியிருக்கும். தமிழகத்தின் டாஸ்மாக்கிற்கு அந்த விரதம் இல்லை. அட்டப்பாடியில் பழங்குடியினரைக் காப்பதற்காக 1990களிலேயே மதுவிலக்கு வந்தது. ஆனால் எல்லைக்கு இந்தப் பக்கம் ஆனைக்கட்டியில் டாஸ்மாக் இருந்தது. 2016இல் அட்டப்பாடிப் பெண்களின் தாய்க்குலச் சங்கம் அந்தக் கடைக்கு எதிராகத் தெருவில் இறங்கிப் போராடியது. ஒரு மாநிலம் பூட்டிய கதவை அடுத்த மாநிலம் திறந்து வைத்திருந்தால் பூட்டு யாருக்கு என்பதுதான் அந்தப் பெண்களின் கேள்வி.

இரு அரசுகளுக்குமே இந்த வியாபாரத்தில் பங்கு பெரிது. 2023-24இல் டாஸ்மாக் மூலம் தமிழக அரசுக்குக் கிடைத்த வருவாய் ரூ. 45,855 கோடி. அதே ஆண்டு கேரளத்தில் நடந்த மது விற்பனை ரூ. 19,000 கோடிக்கு மேல். விற்பதும் அரசு, ஊதச் சொல்வதும் அரசு. முதல் வேலையில் காட்டும் சுறுசுறுப்பு இரண்டாவதில் தெரிவதில்லை.

500 மீட்டர் பாடம்

சாலையையும் மதுவையும் பிரித்து வைக்கும் பெரிய முயற்சி ஒன்று தமிழகத்திலிருந்துதான் உச்ச நீதிமன்றம் போனது. தமிழக அரசுக்கும் வழக்கறிஞர் கே. பாலுவுக்கும் இடையிலான வழக்கில் 2016 டிசம்பர் 15 அன்று வந்த தீர்ப்பு, தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மது விற்கக் கூடாது என்றது. 2017 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 20,000 பேர் வரை உள்ள ஊர்களுக்குத் தூரம் 220 மீட்டராகக் குறைந்தது. அதே ஆண்டு ஜூலையில், நகராட்சி எல்லைக்குள் உள்ள கடைகளுக்கு இந்தத் தடை பொருந்தாது என்ற விளக்கமும் வந்தது.

கேரளத்தின் வடக்கு பரவூரில் ஒரு பார் செய்த வேலை நாடெங்கும் சிரிப்பை வரவழைத்தது. கடையை நகர்த்தவில்லை. வாசலுக்குப் போகும் வழியைச் சுவர் எழுப்பிச் சுற்றிச் சுற்றி வளைத்து, நடக்க வேண்டிய தூரத்தை 500 மீட்டருக்கு மேல் ஆக்கிவிட்டார்கள். சிரிப்பு அடங்கிய பின் மிஞ்சிய பாடம் இதுதான்: விதி எவ்வளவு கடுமையாக இருந்தாலும், அதைச் சுற்றிப் போக ஒரு வழி இருந்தால் எல்லோரும் அந்த வழியில்தான் போவார்கள். குடித்து ஓட்டுவதற்கான தண்டனைச் சட்டத்தின் கதையும் ஏறக்குறைய இதேதான்.

சட்டத்தின் பல்லும் சந்தும்

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆவது பிரிவு சொல்வது தெளிவானது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். முதல் முறை ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். மறுபடி பிடிபட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது கூடுதல் அபராதம், அல்லது இரண்டும்.

பழைய சட்டத்தில் முதல் முறைக்கு அபராதம் ரூ. 2,000 வரை, அடுத்த முறைக்கு ரூ. 3,000 வரை. அந்த 'அடுத்த முறை'யும் மூன்று ஆண்டுக்குள் நடந்தால்தான் கணக்கில் வரும். 2019 செப்டம்பர் 1 முதல் அமலுக்கு வந்த திருத்தம் அபராதத்தை ரூ. 10,000, ரூ. 15,000 என்று உயர்த்தியது. மூன்று ஆண்டு வரம்பையும் எடுத்துவிட்டது. இன்று பத்தாண்டு கழித்துப் பிடிபட்டாலும் அது இரண்டாவது குற்றமே.

இதைவிடக் கடுமையான விதி அதிகம் பேசப்படாத 20ஆவது பிரிவில் இருக்கிறது. குடித்து ஓட்டிய குற்றம் நிரூபணமானால், குறைந்தது ஆறு மாதத்துக்கு லைசென்ஸ் வைத்திருக்கும் தகுதியை நீதிமன்றம் பறித்தே ஆக வேண்டும். முதல் குற்றத்துக்கே இது பொருந்தும். 'செய்யலாம்' என்றல்ல, 'செய்ய வேண்டும்' என்கிறது சட்டம். 19ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. வாடிக்கைக் குடிகாரர் என்று தெரிந்தால் லைசென்ஸ் அதிகாரியே அவரது லைசென்ஸைப் பறிக்கலாம். 188ஆவது பிரிவு, குடித்தவரை ஓட்டத் தூண்டியவருக்கும் அதே தண்டனை என்கிறது. 2022 அக்டோபரில் சென்னைப் போக்குவரத்துப் போலீஸ் பின்னால் உட்கார்ந்து வந்தவர்களுக்கும் அபராதம் போடத் தொடங்கியது இதை வைத்துத்தான்.

ஆக, சட்டத்துக்குப் பல் இருக்கிறது. ஆனால் சந்துகளும் இருக்கின்றன. முதல் சந்து 'அல்லது' என்ற சொல். இரண்டாம் முறை பிடிபட்டவருக்குச் சிறை என்பது கட்டாயமல்ல, ரூ. 15,000 கட்டிவிட்டும் போகலாம். மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது முறைக்கென்று தனிப் படிகள் எதுவும் இல்லை. ஐந்தாம் முறை பிடிபட்டவரும் இரண்டாம் முறை பிடிபட்டவரும் சட்டத்தின் கண்ணில் ஒன்றுதான். தோட்டத்துக்கு ஜீப் ஓட்டுபவருக்கு ரூ. 15,000 பெரிய தொகை. சொகுசுக் காரில் மூணாறுக்கு வருபவருக்கு அது ஓரிரு நாள் அறை வாடகை.

இரண்டாவது சந்து இதைவிடப் பெரிது. இரண்டாவது குற்றம் என்று ஒருவரைத் தண்டிக்க வேண்டுமானால், முதல் குற்றத்தில் அவர் தண்டிக்கப்பட்டார் என்று அரசுத் தரப்பு காட்ட வேண்டும். கம்பத்துக்காரர் ஒருவர் குமுளியில் பிடிபடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வழக்கு கேரளத்தில் நடக்கும். அவரது லைசென்ஸ் தமிழக அலுவலகம் கொடுத்தது. அபராதம் கட்டி மலை இறங்கிவிடுகிறார். அடுத்த ஆண்டு தேனியில் பிடிபட்டால், குமுளித் தீர்ப்பு தேனி நீதிமன்றத்தின் மேசைக்கு வந்தாக வேண்டும். வராவிட்டால் அவர் புதிதாகத் தவறு செய்தவர். நாடு முழுவதற்கும் பொதுவான 'சாரதி' கணினித் தரவுத்தளம் இருக்கிறது. அதில் தீர்ப்பு ஏறினால் மாநில எல்லை மறைந்துவிடும். ஏறாதவரை, எல்லை தாண்டினால் எல்லாமே முதல் குற்றம்தான்.

இந்த மெத்தனம் உச்ச நீதிமன்றத்துக்குத் தெரியாததல்ல. நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் அது அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு, 2015 ஆகஸ்டிலேயே எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது: குடித்து ஓட்டினால் லைசென்ஸைக் குறைந்தது மூன்று மாதம் முடக்குங்கள்; முதல் குற்றத்துக்கே சிறைத் தண்டனை கேளுங்கள். இருக்கும் சட்டத்தைப் பயன்படுத்துங்கள் என்று சொல்வதற்கே ஓர் உச்ச நீதிமன்றக் குழு தேவைப்பட்டது.

கரையும் சாட்சி

குடித்து ஓட்டும் குற்றத்தில் முக்கிய சாட்சி ரத்தம். அந்தச் சாட்சி நிமிடத்துக்கு நிமிடம் கரைகிறது. சராசரி உடல், 100 மில்லி ரத்தத்துக்கு மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் ஆல்கஹாலை எரித்துவிடும். 60 மில்லிகிராமுடன் பிடிபட்டவர் இரண்டு மணி நேரத்தில் 30ஐத் தொட்டுவிடுவார். சட்டப்படி அவர் யோக்கியர்.

இதை மனதில் வைத்தே 202ஆவது பிரிவு ஒரு கெடு வைத்திருக்கிறது. கைது செய்த இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும். இல்லாவிட்டால் அவரை விட்டுவிட வேண்டும். பாலக்காட்டில் இது முடியும். இடுக்கியில்? மலைப்பாதையில் 40 கி.மீ. போவது என்பது மழைக்காலத்தில், மூடுபனியில், நள்ளிரவில் சாதாரண காரியமல்ல. மருத்துவமனையைச் சேர்ந்தாலும் அங்கே டாக்டர் ஓய்வாக இருக்க வேண்டும். மலையே குற்றவாளிக்கு ஜாமீன் கொடுத்துவிடும்.

தாமதம் எப்படி ஒரு வழக்கையே புரட்டும் என்பதைக் கேரளம் 2019 ஆகஸ்ட் 3 அன்று பார்த்தது. திருவனந்தபுரத்தில் நள்ளிரவுக்குப் பின் கார் மோதி 'சிராஜ்' நாளிதழின் பத்திரிகையாளர் கே.எம். பஷீர் இறந்தார். காரை ஓட்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர் ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரி. அவர் குடித்திருந்தார் என்பது போலீஸின் குற்றச்சாட்டு. அதை அவர் மறுத்தார். அவரது ரத்தம் எடுக்கப்பட்டபோது பல மணி நேரம் கடந்திருந்தது. ஆய்வில் ஆல்கஹால் இல்லை. 2022 அக்டோபரில் செஷன்ஸ் நீதிமன்றம் கொலையாகாத மரணக் குற்றச்சாட்டை நீக்கியது. 2023 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அதை மீண்டும் சேர்த்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்து, விசாரணை நடக்கட்டும் என்றது. குற்றமா இல்லையா என்பதை விசாரணை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். ஆனால் உடனடியாக ரத்தம் எடுத்திருந்தால் இரு தரப்புக்குமே பதில் அன்றே கிடைத்திருக்கும்.

கருவியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 2025 ஜூலையில் பந்தளம் அரசுப் பேருந்துப் பணிமனையில் சில ஓட்டுநர்கள் ஊதியபோது கருவி போதை என்றது. அவர்கள் குடிக்கவில்லை, சாப்பிட்டது பலாப்பழம். பழுத்து நொதித்த சுளையில் இருந்த சிறிது ஆல்கஹால் வாயில் தங்கியிருந்தது. ஒவ்வொருவரும் ஊதுவதற்கு முன் கருவியில் பழைய மிச்சம் எதுவும் இல்லை என்று காட்டும் வெற்றுச் சோதனை அவசியம் என்று கேரள உயர் நீதிமன்றமும் 2025இல் வலியுறுத்தியது. தண்டனை கடுமையாக ஆக, சோதனையும் அவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பலாப்பழம் தின்றவர் மாட்டிக்கொள்வார். வக்கீல் வைத்த குடிகாரர் தப்பிவிடுவார்.

கடுமை போதுமா?

தண்டனை கடுமையாக வேண்டும் என்பவர்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 2006இல் மும்பையில் நடைபாதையில் தூங்கிய ஏழு தொழிலாளர்களைக் காரேற்றிக் கொன்ற வழக்கில், 2012இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்த தண்டனை மூன்று ஆண்டு. 1999இல் தில்லியில் ஆறு பேரைக் கொன்ற பி.எம்.டபிள்யூ. கார் வழக்கில் அதே 2012இல் கிடைத்தது, ஏற்கெனவே அனுபவித்த இரண்டு ஆண்டுச் சிறையும், ரூ. 50 லட்சமும், இரண்டு ஆண்டுச் சமூக சேவையும். செத்தவர்களின் வீட்டுக்கு இந்தக் கணக்கு புரியாது.

மறுகோடியில் வேடிக்கையும் உண்டு. 2023 பிப்ரவரியில் கொச்சி அருகே திருப்பூணித்துறையில் போதையில் பஸ் ஓட்டிப் பிடிபட்ட ஓட்டுநர்களைப் போலீஸார் ஸ்டேஷனில் உட்காரவைத்து, இனிமேல் குடித்துவிட்டு ஓட்ட மாட்டேன் என்று ஆயிரம் முறை எழுத வைத்தார்கள். அவர்களில் பள்ளி வாகன ஓட்டுநர்களும் இருந்தார்கள். வழக்கும் லைசென்ஸ் நடவடிக்கையும் தனி. ஆனால் மக்கள் நினைவில் நின்றது, காக்கிச் சட்டையில் தரையில் உட்கார்ந்து இம்போசிஷன் எழுதிய காட்சிதான். 2022இல் கேரள அரசு அறிவித்த தண்டனை இதைவிட அர்த்தமுள்ளது: குடித்து ஓட்டி விபத்து செய்பவர்கள் விபத்துச் சிகிச்சைப் பிரிவிலோ வலி நிவாரண மையத்திலோ குறைந்தது மூன்று நாள் வேலை செய்ய வேண்டும்.

உலக அனுபவம் என்ன சொல்கிறது? ஜப்பானில் 2006இல் ஃபுகுவோகாவில் குடித்து ஓட்டியவரின் கார் மோதி மூன்று குழந்தைகள் இறந்தார்கள். அடுத்த ஆண்டே சட்டம் இறுகியது. ஓட்டியவரோடு, அவருக்கு வண்டி கொடுத்தவர், மது ஊற்றிக் கொடுத்தவர், தெரிந்தே உடன் பயணித்தவர் எல்லோருக்கும் தண்டனை. பிரிட்டன் 1967இல் ஊதும் சோதனையைக் கொண்டுவந்தபோது விபத்துச் சாவுகள் சட்டென்று குறைந்தன. ஆனால் ஊதச் சொல்லும் போலீஸை அதிகம் காணோம் என்று மக்களுக்குப் புரிந்ததும் பழைய நிலைமை மெல்லத் திரும்பியது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1982 டிசம்பரில் வேறு வழி பிடித்தது. சந்தேகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சாலையில் யாரை வேண்டுமானாலும் நிறுத்தி ஊதச் சொன்னது; சொல்லிக்கொண்டே இருந்தது. சாவுகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன.

மீண்டும் மீண்டும் பிடிபடுபவர்களுக்கென்றே ஒரு திட்டம் அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் 2005இல் தொடங்கியது. அவர்கள் தினமும் காலையும் மாலையும் போய் ஊத வேண்டும். குடித்திருந்தால் அங்கேயே கைது. ஓரிரு நாள் சிறை. இரண்டு ஆண்டு இல்லை, இரண்டு நாள். ஆனால் தப்ப வழியில்லை. திட்டம் நடந்த பகுதிகளில் மறுபடியும் குடித்து ஓட்டிக் கைதாவது 12 சதவீதம் குறைந்ததாக 2013இல் வெளியான ஆய்வு ஒன்று சொன்னது.

அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் 2024 ஏப்ரல் 1 முதல் 15 வரை 60 பணிமனைகளில் தன் ஊழியர்களையே ஊதச் சொன்னது. நூறு பேர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. 74 நிரந்தர ஊழியர்கள் சஸ்பெண்ட், மற்றவர்கள் வேலையிழந்தார்கள். அதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. டூட்டி ஏறுமுன் ஊத வேண்டும் என்ற ஏற்பாடு போதுமாக இருந்தது.

ஜீப்பில் போகும் உயிர்கள்

இந்த விவாதத்தில் குரலே இல்லாத கூட்டம் ஒன்று உண்டு. தேனி மாவட்டத்தின் கம்பம், போடி, உத்தமபாளையம் பகுதிகளிலிருந்து தினமும் விடிகாலையில் ஜீப்களில் அடைந்து இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்குப் போகும் பெண் தொழிலாளர்கள். மாலையில் அதே வளைவுகளில் இறங்கி வருகிறார்கள். ஓட்டுபவர் குடித்திருக்கிறாரா என்று கேட்கும் நிலையில் அவர்கள் இல்லை. கேட்டால் நாளைக்கு ஜீப்பில் இடம் இருக்காது. ஜீப்பில் இடம் இல்லையென்றால் கூலி இல்லை. எதிரே வரும் வண்டி யாருடையது, அதை ஓட்டுபவர் எத்தனையாவது முறை குடித்து ஓட்டுகிறார் என்பதும் அவர்களுக்குத் தெரியாது.

லைசென்ஸைப் பறித்தால் ஓட்டுநரின் குடும்பம் பட்டினி கிடக்குமே என்ற வாதத்தை இந்த ஜீப்பின் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். பிழைப்பு ஓட்டுநருக்கு மட்டும் இல்லை. பின்னால் உட்கார்ந்திருக்கும் பன்னிரண்டு பேருக்கும் உண்டு. அதே சமயம், லைசென்ஸ் இழந்தவர் ஓட்டாமல் இருப்பார் என்றும் நம்பிவிட முடியாது. தகுதி நீக்கப்பட்ட பின்னும் ஓட்டினால் மூன்று மாதம் வரை சிறையோ ரூ. 10,000 அபராதமோ உண்டு. அதுவும் யாராவது நிறுத்திக் கேட்டால்தான்.

2022 அக்டோபர் 5 இரவு பாலக்காடு வடக்கஞ்சேரி அருகே நடந்த விபத்து இதற்கு எச்சரிக்கை. ஊட்டிக்குச் சுற்றுலா போன பள்ளிப் பிள்ளைகளின் பஸ், அரசுப் பேருந்தின் பின்னால் மோதியது. ஐந்து மாணவர்கள் உட்பட ஒன்பது பேர் இறந்தார்கள். அங்கே காரணம் வேகம். மோதலுக்குச் சற்று முன் மணிக்கு 97.7 கி.மீ. அந்த பஸ் மீது ஏற்கெனவே விதிமீறல் வழக்குகள் இருந்தன. கறுப்புப் பட்டியலிலும் இருந்தது. பட்டியல் அலுவலகத்தில் இருந்தது. பஸ் சாலையில் இருந்தது.

எண்களும் ஏமாற்றுகின்றன. 2022இல் தமிழகத்தில் 17,884 பேரும் கேரளத்தில் 4,317 பேரும் சாலையில் இறந்தார்கள். நாடு முழுவதும் 1,68,491 பேர். இதில் மதுவும் போதைப்பொருளும் காரணம் என்று அரசுக் கணக்கு காட்டுவது சுமார் 2.5 சதவீதம். விபத்துக்குப் பின் உடனே ரத்தம் எடுக்காத நாட்டில் இந்த எண் சொல்வது குடித்தவர்களை அல்ல, சோதிக்கப்பட்டவர்களை. 2023 ஜூன் 5 முதல் கேரளச் சாலைகளில் 726 கேமராக்கள் அபராதம் போடத் தொடங்கின. ஹெல்மெட் இல்லை, சீட் பெல்ட் இல்லை என்று அவை சொல்லிவிடும். ஓட்டுபவரின் மூச்சில் என்ன இருக்கிறது என்று எந்தக் கேமராவுக்கும் தெரியாது. அதற்கு ஒரு போலீஸ்காரர் மழையில் நின்றாக வேண்டும்.

செய்ய வேண்டியது

தண்டனை எவ்வளவு என்ற கேள்விக்கு எல்லைச் சாலைகள் தரும் பதில், படிப்படியானது. முதல் முறை பிடிபட்டவருக்கு அபராதத்தோடு ஆறு மாத லைசென்ஸ் தடை விதிவிலக்கில்லாமல் விழ வேண்டும். சட்டம் ஏற்கெனவே அதைத்தான் சொல்கிறது. இரண்டாவது முறைக்கு 'அல்லது' போய், குறுகியதானாலும் கட்டாயச் சிறை வர வேண்டும். மூன்றாவது முறைக்கு லைசென்ஸ் ரத்து. குடிநோய்ச் சிகிச்சை முடித்த சான்று இல்லாமல் அது திரும்பக் கூடாது. மூன்று முறை பிடிபட்டவர் வெறும் பொறுப்பில்லாதவர் அல்ல, பெரும்பாலும் நோயாளியும்கூட. சிறை மட்டும் அவரைக் குணப்படுத்தாது. கேரளத்தில் 'விமுக்தி' இயக்கத்தின் போதை மீட்பு மையங்கள் இருக்கின்றன. நீதிமன்றம் அவரை அங்கே அனுப்ப வழி வேண்டும்.

தெரிந்தே குடித்தவரிடம் சாவியைக் கொடுக்கும் வண்டி உரிமையாளரும் 188ஆவது பிரிவில் நிற்க வேண்டும். பணமும் ஒரு தண்டனைதான். குடித்தவர் ஓட்டிய வண்டியால் பாதிக்கப்பட்டவருக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் பணம் கொடுத்துவிட்டு, பிறகு அதை ஓட்டுநரிடமும் உரிமையாளரிடமும் வசூலிக்கலாம் என்று கேரள உயர் நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. ரூ. 15,000 அபராதத்துக்குச் சிரிப்பவர்கள் பல லட்ச ரூபாய் வசூல் நோட்டீஸுக்குச் சிரிக்க மாட்டார்கள். இந்தத் தீர்ப்பை எல்லையோரக் கள்ளுக்கடைச் சுவர்களில் எழுதி வைக்கலாம்.

இவை எல்லாவற்றுக்கும் அடித்தளம் மூன்று சிறிய வேலைகள். வாளையாரிலும் குமுளியிலும் போடிமெட்டிலும் இரு மாநிலப் போலீஸாரும் சேர்ந்து இரவில் ஊதும் சோதனை நடத்த வேண்டும். எல்லையோர மருத்துவமனைகளில் எந்நேரமும் ரத்தம் எடுக்க ஆள் வேண்டும். தீர்ப்பான அன்றே அது 'சாரதி'யில் ஏற வேண்டும். மூன்றுக்கும் நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. இரண்டு மாவட்ட போலீஸ் அதிகாரிகள் ஒரு மேசையில் உட்கார்ந்தால் முதல் வேலை தொடங்கிவிடும். கள்ளக் கடத்தலையும் கஞ்சாவையும் பிடிக்க இரு மாநிலங்களும் சேர்ந்து வேலை செய்ததுண்டு. மூச்சைப் பிடிக்க மட்டும் தயக்கம் ஏன்?

இரண்டு ஆண்டுச் சிறையை நான்கு ஆண்டாக்க ஒரு திருத்தம் போதும்; கைதட்டலும் கிடைக்கும். ஆனால் இன்று மாலை கள்ளுக்கடையிலிருந்து எழுந்து வண்டிச் சாவியைத் தேடுபவர் எண்ணிப் பார்ப்பது ஆண்டுகளை அல்ல. அடுத்த வளைவில் போலீஸ் நிற்குமா நிற்காதா என்பதைத்தான். நிற்காது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்வரை, சட்டப் புத்தகத்தில் தூக்குத் தண்டனையே இருந்தாலும் அவர் சாவியைப் போடுவார்.